49 ரூபாய் சுங்கவரி என்று ஒன்று கிடையாது

"உங்கள் பார்சல் சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இறக்குமதி வரி ரூ.49 செலுத்தினால் இன்றே டெலிவரி. 24 மணி நேரத்துக்குள் செலுத்தாவிட்டால் பார்சல் திருப்பி அனுப்பப்படும்." மேலே கூரியர் நிறுவனத்தின் லோகோ, கீழே ஒரு பத்து இலக்க எண், நடுவில் பெரிய பட்டன். வெளிநாட்டிலிருந்து ஏதாவது வரவழைத்துவிட்டுக் காத்திருப்பவரின் விரல் தானாக அந்தப் பட்டனுக்குப் போகும். எதையும் வரவழைக்காதவர்கூட, துபாயில் இருக்கும் மச்சான் ஏதாவது அனுப்பியிருப்பானோ என்று ஒரு நிமிடம் யோசிப்பார். 49 ரூபாய்தானே.

இந்த மெயில் போலி என்பதை லோகோவையும் எழுத்துப் பிழையையும் ஆராயாமலே சொல்லிவிடலாம். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் 6ஆம் உட்பிரிவு என்று ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது: விதிக்கத்தக்க வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் அதை வசூலிக்கக் கூடாது. ஆகவே இந்தியாவில் 49 ரூபாய் சுங்கவரி என்று யாரும் கேட்க முடியாது. மோசடிக்காரர்கள் இந்தத் தொகையைத் தேர்ந்தெடுப்பது யோசிக்காமல் கட்டிவிடுவோம் என்பதற்காக. அவர்களுக்கு வேண்டியதும் அந்த 49 ரூபாய் இல்லை, அதைக் கட்டும்போது நீங்கள் தட்டும் கார்டு எண்.

எல்லா மெயிலும் இவ்வளவு எளிதாகப் பிடிபடாது. டிஎச்எல், ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் போன்ற நிறுவனங்கள் உண்மையிலேயே வரி கட்டச் சொல்லி மெயிலும் குறுஞ்செய்தியும் அனுப்புகின்றன. ஆதார் நகலைக் கேட்கின்றன. "இத்தனை நாளுக்குள்" என்று கெடுவும் வைக்கின்றன. உண்மையான மெயிலுக்கும் போலி மெயிலுக்கும் முகம் ஒன்றுதான், ஏனென்றால் போலி மெயில் பெரும்பாலும் உண்மையான மெயிலை நகல் எடுத்துச் செய்யப்படுவது. எழுத்துப் பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரை இப்போது உதவாது. பிழையில்லாத வாசகத்தை இன்று யாரும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். மெயிலை மோந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பார்சல் என்று ஒன்று இருக்கிறதா, அதற்கு வரி வருமா, வந்தால் எவ்வளவு, அதை யார் வசூலிக்க வேண்டும் என்று கேட்பதுதான் வேலைக்காகும். இந்தக் கேள்விகளுக்கான பதில் மெயிலுக்கு வெளியே இருக்கிறது.

பணம் எப்படிப் போகிறது

கூரியரில் வரும் பார்சல் சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரியர் நிறுவனம் சுங்கத் துறையிடம் பதிவு பெற்ற 'அங்கீகரிக்கப்பட்ட கூரியர்'. உங்கள் சார்பில் கூரியர் பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் செய்வது அந்த நிறுவனம்தான். சுங்க அதிகாரி வரியை மதிப்பிட்டதும், பெரும்பாலும் நிறுவனமே தன் கணக்கிலிருந்து வரியைக் கட்டிப் பார்சலை வெளியே எடுத்துவிடும். பிறகு அந்த வரியையும், முன்பணமாகக் கட்டியதற்கான தன் கட்டணத்தையும், அந்தக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டியையும் சேர்த்து உங்களிடம் வாங்கும். இது டெலிவரிக்கு முன் மெயிலில் வரும் இணைப்பாக இருக்கலாம், வாசலில் டெலிவரி ஆள் நீட்டும் பில்லாக இருக்கலாம்.

இந்த வழியில் சுங்க அதிகாரி உங்களைத் தேடி வரும் இடமே இல்லை. அனுப்புநர் பெயரில் 'இந்தியன் கஸ்டம்ஸ்' என்று இருந்து, பணம் கட்ட ஒரு இணைப்போ வங்கிக் கணக்கோ யுபிஐ முகவரியோ கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்தது. தனிப்பட்ட வங்கிக் கணக்கில் சுங்கவரி கட்டச் சொல்லிப் பொதுமக்களைத் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ மெயிலிலோ தொடர்புகொள்வதே இல்லை என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் பலமுறை அறிவித்திருக்கிறது. அந்த வாரியத்தின் அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் பொதுவாக 2019 நவம்பர் முதல் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும்; 20 எழுத்தும் எண்ணும் கலந்த அதை வாரியத்தின் இணையதளத்தில் தட்டினால் எந்த அலுவலகம் வெளியிட்டது என்று காட்டும். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, 'சுங்க நோட்டீஸ்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களில் இந்த எண் இருக்காது, அல்லது தட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது.

அஞ்சல் வழி வேறு. வெளிநாட்டு அஞ்சலில் வரும் பொட்டலம் சென்னையிலுள்ள வெளிநாட்டு அஞ்சலகம் போன்ற இடங்களில் சுங்க மதிப்பீட்டுக்குப் போகும். வரி இருந்தால் பொட்டலத்தோடு அதற்கான சீட்டும் வரும், போஸ்ட்மேன் பணத்தை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுப்பார். 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இணைப்பில் திருத்துங்கள்' என்று இந்தியா போஸ்ட் பெயரில் சுற்றிய குறுஞ்செய்தி போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024இல் அறிவித்தது. முகவரியைத் திருத்தியதும் 'மறு டெலிவரிக் கட்டணம்' என்று சின்னத் தொகை ஒன்றைக் கேட்கும் பக்கம் திறக்கும். 49 ரூபாய் சுங்கவரியின் உடன்பிறப்பு அது.

ஆதார் கேட்டால் போலியா

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கூரியரில் வரும் பொருளை விடுவிக்கப் பெறுநரின் கேஒய்சி, அதாவது அவர் யார் என்பதற்கான ஆவணம், வேண்டும் என்பது சுங்க விதி. ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்று அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணத்தைக் கூரியர் நிறுவனம் கேட்பது இயல்பான நடைமுறைதான். முதல்முறை வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் இதைப் பார்த்ததும் மோசடி என்று ஒதுக்கிவிட, பார்சல் சில நாள் கிடந்துவிட்டுத் திரும்பிப் போகும். சில கடைகள் திரும்பி வந்த பார்சலுக்கான அனுப்பும் செலவைக் கழித்துக்கொண்டுதான் பணத்தைத் தரும்.

கேஒய்சி உண்மையானதுதானா என்பதை இரண்டு விஷயம் காட்டிக்கொடுக்கும். ஒன்று, எதைக் கேட்கிறார்கள். அடையாள ஆவணம், சில நேரம் கடையின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான சான்று, பொருள் என்ன என்ற விளக்கம்: இவ்வளவுதான் சுங்க வேலைக்குத் தேவை. கார்டு எண், சிவிவி, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, ஓடிபி ஆகியவற்றுக்கும் கேஒய்சிக்கும் சம்பந்தமே இல்லை. ஆதாரைக் கேட்டுவிட்டு 'உறுதிப்படுத்த ஓடிபி சொல்லுங்கள்' என்று யாராவது போனில் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டு, எங்கே ஏற்றச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கு நீங்களாகப் போய், டிராக்கிங் எண்ணைத் தட்டினால், அங்கும் கேஒய்சி நிலுவை என்று காட்ட வேண்டும். ஆதார் கொடுக்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கி, நகலின் குறுக்கே 'இன்ன ஏர்வே பில் எண்ணுக்கு (கூரியரின் டிராக்கிங் எண்) மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுப்பது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மோசடி மெயில் தப்பவே முடியாத இடம் இது. சுங்கவரி வாய்க்கு வந்த தொகை அல்ல, அடுக்கடுக்காக வரும் கணக்கு. முதலில் மதிப்பு: பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் சேர்த்து, சுங்கத் துறை அறிவித்த மாற்று விகிதத்தில் ரூபாயாக்குவார்கள். அன்றைக்குக் கூகுள் காட்டும் விகிதத்திலிருந்து இது கொஞ்சம் விலகியிருக்கும். அந்த மதிப்பின் மேல் அடிப்படைச் சுங்கவரி. அந்த அடிப்படை வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. சில பொருள்களுக்கு இது இல்லை. மதிப்போடு இந்த இரண்டையும் கூட்டி, வரும் மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி.

உதாரணத்துக்கு 8,500 ரூபாய் பொருள், 1,500 ரூபாய் அனுப்பும் செலவு, காப்பீடு இல்லை. மதிப்பு 10,000. அடிப்படை வரி 20 சதவீதம் என்று வைத்தால் 2,000. அதன் மேல் கூடுதல் வரி 200. இப்போது மொத்தம் 12,200. ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 2,196. ஆக வரி மட்டும் 4,396 ரூபாய். விகிதங்கள் பொருளுக்குப் பொருள், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். மேலே உள்ளவை கணக்கைக் காட்டப் பிடித்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் படிகள் மாறாது. உண்மையான பில்லில் இந்தப் படிகள் தனித்தனி வரிசையில் இருக்கும், பொருளின் வகைப்பாட்டு எண் இருக்கும், பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். சட்டத்தின் 154ஏ பிரிவுப்படி வரித்தொகையை முழு ரூபாய்க்குத் திருத்திவிட வேண்டும். 'சுங்கவரி ரூ.149.99' என்று பைசாவோடு ஒரு மெயில் கேட்டால் அந்தப் பைசாவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கூரியர் பில்லின் மொத்தத் தொகையில் பைசா வரலாம், அது கட்டணத்தின் மேல் வரும் ஜிஎஸ்டியால். சுங்கவரித் தொகையில் பைசா வராது.

கூரியரின் கட்டணத்துக்குத் தரும் பில்லில் ஜிஎஸ்டிஐஎன் இருக்கும். பதினைந்து இடம் கொண்ட எண் அது: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து நிறுவனத்தின் பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே இதைத் தட்டிப் பார்க்கலாம், பதிவு பெற்ற நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் வரும். போலி பில்களில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் தட்டினால் ஏதோ ஊரில் உள்ள ஹார்டுவேர் கடையின் பெயர் வரும்.

பரிசுப் பொருள் என்று வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 'லண்டன் நண்பர் அனுப்பிய பரிசுப் பெட்டி, சுங்கக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்' என்பது பழைய மோசடி. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் போட்ட அறிவிப்புக்குப் பிறகு, தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று அறிவித்துப் பொருளை விடுவிக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் மட்டும் விதிவிலக்கு. உண்மையிலேயே உறவினர் எதையாவது அனுப்பியிருந்தாலும் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் மேலே சொன்ன கணக்கின்படி. முதலில் வரி, பிறகு 'பணமோசடித் தடுப்புச் சான்றிதழ்', பிறகு அபராதம் என்று தொகை ஏறிக்கொண்டே போகும் பரிசுக்குப் பின்னால் பெட்டி எதுவும் கிடையாது.

எண்ணைக் கையால் தட்டுங்கள்

மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், டிராக்கிங் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, நிறுவனத்தின் ஆப்பிலோ தளத்திலோ நீங்களே தட்டுங்கள். மொத்தச் சரிபார்ப்பில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். அந்த எண் கடை உங்களுக்குக் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், ஊரும் தேதியும் பொருந்த வேண்டும், பார்சல் இந்தியாவுக்குள் வந்து சுங்கச் சரிபார்ப்பில் இருப்பதாகக் காட்ட வேண்டும். பார்சல் இன்னும் சீனாவின் ஷென்சென்னில் இருக்கும்போது இந்தியச் சுங்கவரி கேட்கும் மெயிலுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களுக்கு அழைக்க வேண்டாம். அந்தத் தேடல் முடிவுகளிலேயே போலி எண்களை நட்டு வைத்திருப்பார்கள். நிறுவனத் தளத்தில் உள்ள எண் மட்டும்.

எண்ணின் வடிவமும் கொஞ்சம் பேசும். டிஎச்எல் எக்ஸ்பிரஸ் ஏர்வே பில் பத்து இலக்கம், ஃபெட்எக்ஸ் பெரும்பாலும் பன்னிரண்டு, யுபிஎஸ் எண் '1இசட்' என்று தொடங்கிப் பதினெட்டு இடம். பன்னாட்டு அஞ்சல் எண் இன்னும் சுவையானது: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்தில் நாட்டுக் குறியீடு. கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாட்டைக் குறிக்கும். பிரிட்டனிலிருந்து வந்தால் 'ஜிபி', சிங்கப்பூர் என்றால் 'எஸ்ஜி'. 'வெளிநாட்டிலிருந்து வந்த உங்கள் பார்சல்' என்று சொல்லிவிட்டு 'ஐஎன்' என்று முடியும் எண்ணைக் கொடுத்தால், அது இந்தியாவில் தபாலில் சேர்க்கப்பட்ட எண். மெயில் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது.

ஒன்பது இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 12345678 என்றால் 8, 12, 12, 8, 15, 30, 63, 56, மொத்தம் 204. பதினொன்றால் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போக 5. ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5ஆக இருக்க வேண்டும்: 123456785. விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்கு வந்தபடி தட்டிய எண்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் விழுந்துவிடும். விழாவிட்டால் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரோ ஒருவரின் நிஜமான டிராக்கிங் எண்ணை எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்புவதும் நடக்கிறது.

அனுப்பியவர் யார்

மொபைலில் மெயிலைத் திறந்தால் பெயர் மட்டும் தெரியும், முகவரி மறைந்திருக்கும். பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முகவரி விரியும். தங்கள் மெயில்கள் 'டிஎச்எல்.காம்', 'டிபிடிஎச்எல்.காம்' போன்ற முகவரிகளிலிருந்தோ 'டிஎச்எல்' என்பதற்குப் பின் நாட்டுக் குறியீடு வரும் முகவரிகளிலிருந்தோதான் வரும் என்று டிஎச்எல் தன் தளத்திலேயே சொல்லியிருக்கிறது. ஜிமெயில் முகவரியிலிருந்து வரி கேட்கும் பன்னாட்டுக் கூரியர் கிடையாது.

இணைப்பைப் படிப்பதில் ஒரே ஒரு விதியைப் பழகிக்கொண்டால் போதும்: வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் கடைசி இரண்டு பகுதிதான் உரிமையாளர். 'டெலிவரி.டிஎச்எல்.காம்' என்றால் வீடு டிஎச்எல் உடையது, 'டெலிவரி' அந்த வீட்டில் ஓர் அறை. 'டிஎச்எல்.காம்.பார்சல்பே.டாப்' என்றால் வீடு 'பார்சல்பே.டாப்' என்ற யாரோ ஒருவருடையது, 'டிஎச்எல்.காம்' வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. இந்திய முகவரிகளில் 'கவ்.இன்', 'கோ.இன்' என்று முடிவே இரண்டு பகுதியாக இருக்கும், அப்போது மூன்று பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கோடு போட்டு 'டிஎச்எல்-இந்தியா' என்று வைப்பதும், ஆங்கில எல் எழுத்துக்குப் பதில் 1 போடுவதும் வழக்கம். சிறிய திரையில் கண்ணுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் பார்ப்பவர்கள் மூன்று புள்ளியைச் சொடுக்கி 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி தெரியும். மெயில் அது சொல்லும் முகவரியிலிருந்துதான் வந்ததா என்று சோதித்த முடிவுகள் அவை. எல்லாவற்றிலும் 'பாஸ்' என்று இருந்தால் நிம்மதி என்று பலர் எழுதுகிறார்கள். அது அரைகுறை. மோசடிக்காரர் தன் சொந்த முகவரியை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் அதுவும் பாஸ்தான். டிகேஐஎம் வரியில் 'பாஸ்' என்பதற்குப் பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், அது கூரியருடையதாக இருக்க வேண்டும்.

குறுஞ்செய்தியில் வேறு அடையாளம். இந்தியாவில் நிறுவனங்களின் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. பதிவு செய்த எழுத்துத் தலைப்பிலிருந்து வரும், 2025 முதல் அதன் கடைசியில் விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி என்று ஒட்டும் வருகிறது. ஐஃபோனில் தெரியாத மெயில் முகவரியிலிருந்து ஐமெசேஜ் வந்து, 'ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு மீண்டும் திறந்து இணைப்பைத் தொடுங்கள்' என்று சொன்னால் காரணம் எளிது: முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பை ஐஃபோன் முடக்கி வைக்கும், நீங்கள் பதில் போட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

இணைப்புக்குப் பதிலாகக் கோப்பு ஒட்டி வரும் மெயில்கள் அலுவலகங்களுக்குத்தான் அதிகம் வரும். 'ஷிப்பிங் டாக்குமென்ட்' என்ற பெயரில் எச்டிஎம்எல் கோப்பு. திறந்தால் உங்கள் மெயில் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்ட லாகின் பெட்டி. இவர்களுக்கு வேண்டியது அலுவலக மெயிலின் பாஸ்வேர்டு, சுங்கவரி வெறும் தூண்டில். ஜிப், ஐஎஸ்ஓ கோப்புகள் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் உளவு மென்பொருள். வரி பில்லுக்குப் பிடிஎஃப் போதும்.

கெடுவும் ஓடிபியும்

'இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் அழிக்கப்படும்' என்பது பொய். இறக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எடுக்காத சரக்கைத்தான், அதுவும் நோட்டீஸ் கொடுத்து, அனுமதி பெற்று விற்க முடியும் என்கிறது சட்டத்தின் 48ஆவது பிரிவு. கூரியர் நிறுவனங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காமல் திருப்பி அனுப்புவதும் கிடங்கு வாடகை போடுவதும் உண்டு, ஆனால் அவர்கள் பேசுவது நாள் கணக்கில். ஒரு போன் போட்டு விசாரிக்க நேரம் எப்போதும் இருக்கிறது.

பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டவர்களுக்கும் கடைசியாக ஒரு தடுப்புச் சுவர் உண்டு. வங்கி அனுப்பும் ஓடிபி செய்தியை எண்ணுக்காக மட்டும் பார்க்காமல் முழுக்கப் படியுங்கள். அதில் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். பக்கத்தில் 49 ரூபாய், செய்தியில் 49,000 ரூபாய் என்று இருக்கலாம். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் நடப்பது இன்னும் நூதனம்: அந்த ஓடிபி பணம் கட்டுவதற்கே இல்லை, உங்கள் கார்டை யாரோ ஒருவரின் மொபைல் வாலட்டில் சேர்ப்பதற்கு. கொடுத்துவிட்டால் அவர் கடை கடையாகத் தன் போனைத் தட்டிப் பொருள் வாங்கலாம், மறுபடி உங்களிடம் ஓடிபி கேட்கத் தேவையில்லை.

உண்மையும் போலி மாதிரி இருக்கும்

பார்சல் கைக்கு வந்து சில வாரம் கழித்து வரி பில் வருவது உண்டு. சில நிறுவனங்கள் முதலில் டெலிவரி செய்துவிட்டுப் பிறகு கணக்கு அனுப்பும். பொருள்தான் வந்துவிட்டதே, இது மோசடி என்று ஒதுக்கியவருக்கு நினைவூட்டல் கடிதங்கள் வரும். ஏர்வே பில் எண்ணை வைத்து நிறுவனத்திடம் கேட்டு, பில் ஆஃப் என்ட்ரி நகலை வாங்கிப் பார்த்துக் கட்டுவதுதான் சரி. நகல் கேட்பது உங்கள் உரிமை. உண்மையான நிறுவனம் கொடுக்கும்.

எதிர்ப்பக்கத்தில், வாங்கும்போதே வரியைச் சேர்த்து வாங்கிவிடும் கடைகள் இருக்கின்றன. ஆர்டர் பக்கத்தில் 'இறக்குமதிக் கட்டணம்' என்று தனித் தொகையோ டிடிபி (வரி கட்டப்பட்ட டெலிவரி) என்ற குறிப்போ இருந்தால் வரிப் பொறுப்பு விற்பவருடையது. அதற்குப் பிறகும் கூரியர் பில் வந்தால் கட்டுவதற்கு முன் கடையிடம் எழுதிக் கேட்க வேண்டும். விற்பவர் ஆவணத்தில் தவறாகக் குறித்திருந்தால் நிஜமான கூரியரே தவறான ஆளிடம் பணம் கேட்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டின் வரம்பைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி மெயில்களைப் பார்த்ததும் தள்ளிவிடலாம். சிங்கப்பூரில் 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்படாத பொருள்களுக்கு, மதுவும் புகையிலையும் நீங்கலாக, ஜிஎஸ்டியை 2023 ஜனவரி முதல் பதிவு பெற்ற விற்பனையாளரே விற்கும்போது வாங்குகிறார். ஆகவே 30 வெள்ளிச் சட்டைக்குக் கூரியர் ஜிஎஸ்டி கேட்க வேலை இல்லை. மலேசியாவில் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 10 சதவீத வரி 2024 ஜனவரி முதல் இதே முறையில். பிரிட்டனில் கடையில் வாங்கும் பொருளுக்கு 135 பவுண்டு வரை பொதுவாக விற்பனையின்போதே வாட் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 800 டாலர் வரை வரியில்லை என்றிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருளுக்கும் நிறுத்தப்பட்டது. அதுவரை வரி பில்லையே பார்த்திராத வீடுகளுக்கு நிஜமான பில்கள் போகத் தொடங்கின, அவற்றின் நிழலில் போலிகளும். அங்கே தொகை சின்னது என்பதாலோ இதுவரை வராதது என்பதாலோ எதையும் போலி என்று சொல்லிவிட முடியாது, டிராக்கிங் எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கட்டிவிட்டால்

கார்டு விவரம் கொடுத்துவிட்டது தெரிந்ததும் முதலில் வங்கி ஆப்பில் கார்டை முடக்குங்கள். குறைந்தபட்சம் பன்னாட்டுப் பரிவர்த்தனையை அணையுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே கார்டு ஓடும் என்பதால் ஓடிபி சொல்லவில்லை என்று ஆறுதல் அடைய முடியாது. அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்துவிட்ட நிலையில், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவர் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். அந்தப் புகார் எண்ணும் அதன் நேரமும்தான் பிறகு பேசும். பணம் போயிருந்தால் 1930க்கு அழைத்து, சைபர் கிரைம் தேசியத் தளத்திலும் பதிய வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பணம் போகவில்லை, குறுஞ்செய்தி வந்தது மட்டும் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

சில நாள் கழித்து 'சுங்கத் துறையின் பணம் மீட்புப் பிரிவு' என்று ஒருவர் அழைக்கலாம். ஒருமுறை கட்டியவர்களின் பட்டியல் கைமாறும். திருப்பித் தருவதற்கு முன்கட்டணமோ யுபிஐ பின்னோ கேட்டால் அது இரண்டாவது சுற்று. பணத்தைப் பெற யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டிய தேவையே கிடையாது.

புகார் முடியும்வரை அந்த மெயிலை அழிக்காமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது பெயரும் வாசகமும் மட்டும். எந்த சர்வர் வழியாக வந்தது என்பது மூல மெயிலின் தலைப்பு வரிகளில்தான் இருக்கிறது, சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அந்த வரிகள் உதிர்ந்துவிடும். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் உள்ள டவுன்லோடு பட்டனைச் சொடுக்கிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.